டில்லியில் எனக்கு என்ன இருக்கிறது

மயூர் விஹார், டில்லி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. நீ ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். நான் தமிழில் பதில் எழுதுகிறேன். அச்சில் இருக்கும் தமிழையே நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், என் கையெழுத்து அதைவிடச் சிரமம் என்று தெரியும். மருமகள் உஷா படித்துக் காட்டுவாள். (உஷா, எதையும் விடாமல் படி. சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.) ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் என் பேனா பழைய பழக்கத்தில் அலுவலகக் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுகிறது. அப்படி எழுதிய இரண்டைக் கிழித்துப் போட்டேன். தமிழிலும் அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று முதலில் எண் போட்டு எழுதிக்கொண்டால்தான் மேலே போகத் தைரியம் வருகிறது. ஆகவே:

1. புத்தகங்கள்.
2. சினிமா.
3. பயணம்.
4. நாட்டு நடப்பு, அதையொட்டி என்னைப் பற்றி ஒரு செய்தி.
5. நீ கேட்ட விஷயம்: டில்லியை விட்டு உங்களோடு வந்து இருப்பதா, இல்லையா.

இந்த வரிசை என்னுடையது அல்ல, உன்னுடையது. சென்னை வீட்டைப் பற்றி நான்கு சௌகரியங்கள் எழுதியிருந்தாய். தெருமுனையில் வாடகை நூல்நிலையம் இருக்கிறது, கேட்ட தமிழ்ப் புத்தகம் கிடைக்கும். நடக்கிற தூரத்தில் இரண்டு தியேட்டர், தமிழ்ப் படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். திருநெல்வேலி ஒரு ராத்திரிப் பயணம்தான். தமிழ்ப் பேப்பர் காப்பிக்கு முன்னால் வாசலில் விழுந்துவிடும். கிழக்குப் பார்த்த அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று முடித்திருந்தாய். அம்மாவின் இரண்டாம் வருஷத் திதிக்கு நீங்கள் வந்திருந்தபோது பால்கனியில் காயப்போட்ட துணியை எடுத்து மடித்துக்கொண்டே, "டில்லியில உங்களுக்கு இனிமே என்னப்பா இருக்கு?" என்றாயே, அப்போது நான் "பார்க்கலாம்" என்றேன். என் "பார்க்கலாம்" அங்கே சுவருக்கு வெள்ளையடிக்கும்வரை போய்விட்டது. இதற்குமேல் நான் பேசாமல் இருந்தால் டிக்கெட்டும் வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் புத்தகம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிகளில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்கப் போவேன். கொண்டுவந்ததைத் துடைத்து, பழுப்புத்தாள் அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பெயர் எழுதி, அதன் பிறகுதான் படிப்பேன். "அட்டை போட்டுப் போட்டே எல்லாப் புத்தகத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டீங்க. எது எதுன்னு எப்படித் தெரியுது?" என்று அம்மா கேட்பாள். அவளுக்குத் தொடர்கதைகள்தான் பிடிக்கும். எனக்கு வாழ்க்கை வரலாறுகளும் பிரயாண நூல்களும். ஒரு மனிதர் பனியில் மலையேறி, கால் விரலை இழந்து, திரும்பி வந்து எழுதியதை நான் பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் கால் நீட்டிக்கொண்டு படித்திருக்கிறேன். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. பயந்தவனுக்குப் புத்தகம் ஒரு வகையில் வசதி. எல்லாம் நடந்து முடிந்து, ஆள் பிழைத்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் அது கையில் வருகிறது.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கையில் ஒரு ஹிந்தி நாவலைக் கொண்டுவந்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? உன் நண்பர்கள் எல்லோரும் படித்துவிட்டு அதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தீர்கள். "அப்பா, இதைப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாய். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, பென்சிலோடு படித்து, அச்சுப் பிழைகளையெல்லாம் ஓரத்தில் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். நீ பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாய். கோபப்படவில்லை. "ப்ரூஃப் எல்லாம் விடுங்கப்பா. கதை எப்படி இருந்தது?" என்றாய். "பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்" என்றேன். நீ அந்தப் புத்தகத்தை நண்பனிடம் திருப்பிக் கொடுத்தபோது அவன் பிழை திருத்தத்தைப் பார்த்து, உன் அப்பா பிரஸ்ஸில் வேலை பார்க்கிறாரா என்று கேட்டானாம். அதைச் சொல்லி நீயும் அம்மாவும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

புத்தகம் பற்றி உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நிறையப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, படித்ததைப் பற்றி யாரிடமாவது பேசு. நான் ஐம்பது வருஷமாகப் படித்திருக்கிறேன். பேசியது மிகக் குறைவு. பேசாமல் விட்ட புத்தகங்கள் இப்போது தலைக்குள்ளும் அதே பழுப்பு அட்டையோடுதான் இருக்கின்றன. எது எது என்று தெரியவில்லை.

அடுத்தது சினிமா. இதில் என் பெயரைக் கெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உஷாவுக்குச் சொல்லியிருக்கிறாயோ, என்னவோ. டெலிவிஷனில் அப்போது ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவார்கள். வாரத்துக்கு ஒரு மொழி. ஆங்கில அகரவரிசைப்படி அசாமியில் ஆரம்பித்து வங்காளம், குஜராத்தி, கன்னடம் என்று போய், தமிழ் வரிசையின் வாலில் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் நம் முறை. காலனியில் இருந்த தமிழர்கள் எல்லாம், "அடுத்து எப்போ?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். கணக்கு என்றால் நான்தான் என்று ஒரு பேர். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிறுகளை எண்ணி, இன்ன தேதி என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். ஜனக்புரியிலிருந்து நண்பர் ராமநாதன் குடும்பத்தோடு வந்தார். அக்கம் பக்கத்திலிருந்து எல்லோரும் வந்து, நாற்காலி போதாமல் கட்டிலை நகர்த்திப் போட்டோம். அம்மா ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். டில்லியில் வாழைக்காய் கிடைப்பதே அதிசயம், அதற்காக நீ கரோல்பாக் வரை போய் வந்தாய்.

படம் ஆரம்பித்தது. ஒரு ஏரி. ஒரு படகு. இரண்டு பேர் ஏதோ பேசினார்கள். அம்மாதான் முதலில், "என்னங்க, இது எந்த ஊர்த் தமிழு?" என்றாள்.

அது மணிப்பூரிப் படம். நடுவில் கிரிக்கெட் வந்து படமே போடாத ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் டெலிவிஷனைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் காலண்டரைத்தான் பார்த்தேன். ராமநாதன் எழுந்து நின்றுவிட்டார். "ஓய், இதுக்காகவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? ஒம்ம கணக்கை நம்பித்தான கவர்மெண்டு நடக்குது! வெளங்குமா?" என்றார். "உக்காருங்க அண்ணாச்சி, பஜ்ஜி தமிழ்லதான போட்டிருக்கேன்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். சிலர் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மற்றவர்கள் போக மனமில்லாமல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நம் டெலிவிஷன் சின்னது, கறுப்பு வெள்ளை. அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகள் எறும்பு வரிசை போல இருந்தன. படிக்க முடியவில்லை. அதனால் முகங்களைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கணவனோடு கோபித்துக்கொண்டு போன ஒருத்தி, வீட்டுக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று படகோட்டியை நிறுத்திவைத்துவிட்டுக் கரையில் நிற்கிறாள். நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். படகோட்டி பொறுமையாகக் காத்திருக்கிறான். நம் படங்களில் அந்த நேரத்துக்கு இரண்டு பாட்டு வந்திருக்கும். பாஷை தெரியாத படத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும், முரளி. தெரிந்த பாஷை என்றால் காது முந்திக்கொள்கிறது. தெரியாதபோது கண்ணுக்கு வேலை வருகிறது. முடியும்போது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராமநாதன்கூட அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டே நீ கேட்டாய்: "அப்பா, உங்களுக்கு அச்சா லகா? சச் சச் சொல்லுங்க, பிடிச்சுதா?" நான், "அம்மா அழுதாளே, பார்த்தாயா?" என்றேன். "அம்மாவைப் பத்திக் கேக்கலியே" என்று சொல்லிவிட்டு, நீ நாற்காலிகளைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போய்விட்டாய்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, நாம் ஒரே பயணத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்தோம். சர்க்கார் லீவும் ரயில் கட்டணமும் கொடுக்கும். நாம் திருநெல்வேலிக்குப் போவோம், திரும்பி வருவோம். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சலுகை உண்டு. காஷ்மீர் போனவர்கள் இருக்கிறார்கள், பூரி போனவர்கள் இருக்கிறார்கள். நாம் அந்தச் சலுகையிலும் திருநெல்வேலிக்குத்தான் போனோம். அங்கே போனால் நம்மை "டில்லிக்காரங்க" என்பார்கள், இங்கே வந்தால் "மதராஸி" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில், ரயிலில் இருந்த இரண்டு நாள்தான் நம்மை யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளை நான் மிகவும் விரும்பினேன் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

உனக்குப் பத்து வயசிருக்கும். டில்லியிலிருந்து சாயங்காலம் கிளம்ப வேண்டிய வண்டி மறுநாள் காலையில்தான் கிளம்பியது. அதனால் எப்போதும் இருட்டில் தாண்டிப் போகும் குவாலியரை அந்த வருஷம் வெளிச்சத்தில் பார்த்தோம். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நீ முதலில் பார்த்தாய், குன்றின் மேல் நீளமாகப் படுத்திருந்த கோட்டையை. அடி பூராவும் வீடுகள், மேலே சுவர், சுவரில் எங்கோ நீலமாக ஒரு பூச்சு. வண்டி ஸ்டேஷனில் நின்றது, நகரவில்லை. எஞ்சினுக்கு ஏதோ கோளாறு என்றார்கள். "அப்பா, இங்க இறங்கிடலாமா?" என்றாய். உன்னை ஏமாற்ற நான் பொய் சொல்லவில்லை. நீண்ட தூரச் சீட்டு வைத்திருப்பவர்கள் வழியில் இறங்கி ஒன்றிரண்டு நாள் தங்கிப் போக விதியில் இடம் உண்டு என்றுதான் விளக்கினேன். அம்மா உடனே, "அப்பம் எறங்குவோமே! என்ன கெட்டுப்போச்சு? ஊரு ஓடியா போகும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். மறுபடியும் படுக்கை கிடைப்பது கஷ்டம், சாமான் எட்டு உருப்படி இருக்கிறது, தெரியாத ஊர், ஹோட்டல் எப்படியோ என்று நான் அடுக்கினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. உங்களுக்கு இறங்கணும்னு ஆசை இல்லியா?" என்றாய். அதற்குள் வண்டி அசைந்தது. வண்டி பதில் சொல்லிவிட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இனி நாட்டு நடப்பு. என் வேலை என்னவென்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. சொல்லும்படியாக இருந்ததும் இல்லை. தெற்கிலிருந்து வரும் பேப்பர்களைப் படித்து, அவற்றில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குச் சுருக்கம் எழுதுவது. பேப்பர்கள் விமானத்தில் வந்து சேரும்போதே ஒரு நாள் பழசாகியிருக்கும். என் சுருக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான்: ஒருபுறம் இப்படிக் கருதப்படுகிறது, மறுபுறம் அப்படிக் கருதப்படுகிறது, முடிவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. சேர்ந்த புதிதில் ஒரு முறை, "இந்த வாதமே சரியெனத் தோன்றுகிறது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதிகாரி அதைச் சிவப்பு மையில் வளைத்து, "யாருக்கு?" என்று மட்டும் ஓரத்தில் எழுதி அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் தோன்றுவதை நிறுத்திக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை என் சுருக்கங்களைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை.

கீழ் வீட்டு சோப்ராஜியை உனக்குத் தெரியும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் உல்லன் துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். உன்னைப் பார்த்ததும் முதுகில் அறைந்து, "அரே, மதராஸ் போய் இளைத்துவிட்டாயே! இட்லியில் என்ன இருக்கிறது?" என்றாரே, அவரேதான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா போன பிறகு ஒரு நாள் பார்க் பெஞ்சில் நான் தமிழ்ப் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். "என்ன பேப்பர்?" என்றார். தமிழ், நேற்றையது என்றேன். "நேற்றைய பேப்பரா? பாசி ரொட்டி! பழைய ரொட்டியைத் தின்றால் வயிறு கெடும், மதராஸி பாபு" என்று தன் ஹிந்திப் பேப்பரை என் மடியில் போட்டு, "இதைப் படியுங்கள், என் கண் சரியில்லை" என்றார். அன்று ஆரம்பித்தது. தினமும் காலையில் நான் அவருக்குப் பேப்பர் வாசிக்கிறேன். என் ஹிந்தி உச்சரிப்பைக் கேட்டுப் பால் வாங்கப் போகிறவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு நாள், மந்திரி ஒருவர் ராஜினாமா செய்த செய்தி. முழுவதும் வாசித்து முடித்து, வழக்கம்போல, சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்று தொகுத்தும் சொன்னேன். சோப்ராஜி பச்சைக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "யே தோ அக்பார் மே லிக்கா ஹை. இதுதான் பேப்பரிலேயே இருக்கிறதே. ஆப் கோ க்யா லக்தா ஹை? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. சாதத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். மறுநாள் போய், "அவர் போன வருஷமே ராஜினாமா செய்திருக்க வேண்டும்" என்றேன். சோப்ராஜி, "கலத்! பில்குல் கலத்! முழுக்கத் தப்பு!" என்று போட்ட சத்தத்தில் பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஏன் தப்பு என்று அவர் சொன்னார். ஏன் தப்பில்லை என்று நான் சொன்னேன். என் குரல் உயர்ந்தது, முரளி! வீட்டுக்கு வந்து படியேறும்போது மூச்சு வாங்கியது, ஆனால் கால் வலிக்கவில்லை.

மந்திரிகளோடு அது நிற்கவில்லை. இப்போது அவர் எதைப் பற்றியும் கேட்கிறார். பார்க்கில் வேப்பமரத்தை வெட்டிவிட்டு ஊஞ்சல் போடலாமா? புதிதாக வந்த தொடரில் அந்த மாமியார் செய்தது சரியா? டில்லி மாம்பழமா, சேலம் மாம்பழமா? நானும் சொல்கிறேன். பாதி நாள் தப்பு என்கிறார். மனைவி போய், பிள்ளை ஊருக்குப் போய், வேலையும் போன பிறகு, நான் ஒரு ஆள், எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். இதை உன்னிடம் மனம் திறந்து சொல்கிறேன்: இத்தனை வருஷத்தில் உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. அலுவலகத்தில் கேட்கவில்லை. வீட்டிலும், குறையாகச் சொல்லவில்லை, கேட்டதில்லை. சோப்ராஜி ஒருவர்தான் கேட்டார்.

இனி ஐந்தாவது. ஒருபுறம், தனியாக இருக்கும் வயது இல்லை என்று நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜனவரிக் குளிர் என் முழங்காலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. உஷா கையால் சாப்பாடு, நாளைக்குப் பேரனோ பேத்தியோ வந்தால் தூக்கிவைத்துக்கொள்ளலாம். மறுபுறம், இங்கே வீடு இருக்கிறது, பழகிவிட்டது, டாக்டர் பக்கத்தில். இரண்டு பக்கமும் சொல்வதற்கு இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்து, எது சரி என்று உனக்குப் படுகிறதோ அப்படியே செய்வோம். முடிவை உன்னிடமே விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

முரளி, மேலே கையெழுத்துப் போட்டு நான்கு நாள் ஆகிறது. இன்னும் தபாலில் போடவில்லை. சோப்ராஜியைப் பற்றி எழுதிவிட்டு அவரிடம் சொல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை என்று இன்று காலை கடிதத்தை பார்க்குக்கு எடுத்துப்போய், ஹிந்தியில் மாற்றி மாற்றி முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் பேசினதைத் தமிழில் எழுதுகிறேன். சத்தத்தை நீ சேர்த்துக்கொள்.

தன்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டார். வாழைக்காய் பஜ்ஜியில் சிரித்தார். முடிந்ததும் பச்சைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பையன் என்ன கேட்டான்?"

"வருகிறீர்களா என்று."

"நீர் என்ன சொல்லியிருக்கிறீர்?"

"இரண்டு பக்கமும்..."

"அரே, இரண்டு பக்கமும் எழுத நீர் என்ன பேப்பரா? இத்தனை தாள் எழுதி, ஆமாம் எங்கே, இல்லை எங்கே? தேடிப் பார்க்கிறேன், அகப்படவே மாட்டேன் என்கிறதே!"

அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, அவருக்குத் தெரியாத எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சத்தத்தைக் குறைத்தார். அது அவருக்கு வழக்கமில்லை.

"நாலாவதில் பெரிதாக எழுதியிருக்கிறீர், யாரும் கேட்கவில்லை, சோப்ரா ஒருத்தன்தான் கேட்டான் என்று. படிக்கக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தைக் கொடுத்துக் கதை எப்படி என்று கேட்டது யார்? சினிமா முடிந்து கேட்டது யார்? ரயிலில் அந்தச் சின்னப் பையன் என்ன கேட்டான்? நீரே எழுதியிருக்கிறீர், மதராஸி பாபு, நீரே வாசித்தீர். பிள்ளை பத்து வயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். பால்கனியில் நின்று இங்கே என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறான். நீர் அதற்கும் பதில் சொல்லாமல், யாருமே கேட்கவில்லை என்று அவனுக்கே கடிதம் எழுதுகிறீர்!"

பேப்பர் வாசிக்காமலே இன்று எழுந்து வந்துவிட்டேன். மதியம் முழுக்கப் படுத்திருந்தேன். நீ கேட்டது எனக்குக் கேட்கும், ஆனால் அது என்னைக் கேட்கிற கேள்வி என்று ஏன் தோன்றவில்லை? பால்கனியில் நீ கேட்டபோது, இங்கே ஒன்றுமில்லை என்று நீ தீர்ப்புச் சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டேன். துணியை மடித்து முடித்த பிறகும் நீ உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாய். அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பதிலுக்காக நின்றிருக்கிறாய்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பதில்கள் இவை. இவற்றுக்கு எண் போடவில்லை.

அந்த ஹிந்தி நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் வரும் அப்பா மிகவும் கோழை, அதனால் பிடிக்கவில்லை. அந்த மணிப்பூரிப் படம் மிகவும் பிடித்தது. நீங்கள் எல்லோரும் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் அழுதேன். தண்ணீர் குடிக்கப் போகிறவன் போலச் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். குவாலியரில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அம்மா செருப்பு மாட்டிக்கொண்டபோது என் காலும் பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடியது.

நான் சென்னைக்குக் குடிவரவில்லை, முரளி. டில்லியில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயே, காலையில் பார்க்குக்குப் போனால் நான் சொல்வது தப்பு என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அவர் கண்ணுக்காக நான் இங்கே தங்கவில்லை. கார்த்திகையில் ஆபரேஷன், பிறகு அவரே வாசித்துக்கொள்வார். எனக்காகத்தான் தங்குகிறேன். உங்களைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளையடித்த அறையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதை எனக்கே வைத்திருங்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் வருகிறேன், முழங்காலும் சந்தோஷப்படும். இது எனக்குத் தோன்றுவது. தப்பு என்றால் சொல். ஏன் தப்பு என்றும் சொல். நானும் பதில் சொல்வேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன், அப்போது உஷா பயந்துவிடக் கூடாது.

டிசம்பரில் லீவு போட்டு நீங்கள் இருவரும் வாருங்கள். டில்லிவரை சீட்டு எடு, ஆனால் குவாலியரில் இறங்கிவிடு. வழியில் இறங்கும் விதி இன்னும் இருக்கிறது, சாயங்காலம் போய் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டேன். நான் முதல் நாளே அங்கே போய்விடுவேன். சோப்ராஜியும் வருகிறாராம். புதுக் கண்ணுக்கு முதல் வேலை அந்தக் கோட்டைதான் என்கிறார். பிளாட்பாரத்தில் நிற்போம். அந்த நீலம் சுவரில் எங்கே இருந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை, நீ காட்டு.

இந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட குறிப்பை நாங்கள் அடிப்பதில்லை, தாளைக் கிழிப்பதும் இல்லை. தப்பாகப் போனதை அப்படியே விட்டு, கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அந்த முறை ஒன்றாவது இன்று எனக்கு உதவுகிறது.

நான்காவது குறிப்பில், என்னை யாரும் கேட்டதில்லை என்று எழுதியிருப்பது தவறு. நீ கேட்டாய்.

அப்பா